முதுகில்லாதவள்

லிவோர்னோ துறைமுகத்தில்
தானியக் கிடங்கின் வாசலுக்கு மேலே
வளமை என்று பேர் வைத்த பெண் நிற்கிறாள்.
காற்றே இல்லாத நாளிலும்
ஒரே பக்கமாய்ப் பறக்கும் கல் மேலாடை.
இடது கையணைப்பில் பெரிய கொம்பு,
அதன் வாயிலிருந்து வழிந்தபடி
மாதுளை, திராட்சை, கோதுமைக் கதிர்.
எதுவும் இதுவரை கீழே விழுந்ததில்லை.

அவளைச் செப்புத்தகட்டில் வெட்டி
இருநூறு தாள் அடித்துத் தரும்படி
வணிகர் சபை கேட்டது.
புறா எச்சம் வேண்டாம்,
உடைந்த சுண்டுவிரலை முழுசாக்கவும்,
முகத்தில் அமைதி வேண்டும், பழைய ரோமாபுரி அமைதி
என்று கடிதத்தில் இருந்தது.
கூலியைப் பற்றி அரை வரி.

என் முதலாளி கஸ்பரோ நென்சீனி
ஏணியின் ஐந்தாம் படியில் கண்ணை மூடிக்கொண்டார்.
அளவுக்கயிற்றோடு நான் ஏறினேன்.
மை துடைப்பவள், உருளை சுற்றுபவள்,
ஏறத்தான் வேண்டும்.

தோளை அளக்கக் கயிற்றைப் பின்னால் கொண்டுபோனேன்.
பின்னால் ஒன்றுமில்லை.
தெருவுக்குத் தெரியாத பக்கத்தை
யாரும் செதுக்கவில்லை.
உளி கொத்திய பள்ளங்கள்,
சுவரோடு அவளைக் கட்டிய இரண்டு இரும்புக் கொக்கி,
துரு ஒழுகிய தடம்.
கொம்புக்குள் எட்டிப் பார்த்தேன்:
முன்வரிசைப் பழங்களுக்கு அப்பால் வெறும் குழி,
கொஞ்சம் மழைத்தண்ணீர்,
தகைவிலான் கூடு, அதில் ஓட்டுத் துண்டு.

இறங்கி வந்து
அளவுகளை மட்டும் சொன்னேன்.

அந்த வசந்தத்தில் கப்பல்கள் வரவில்லை.
கடலில் யாரோ யாரையோ முற்றுகையிட்டிருந்தார்கள்.
ரொட்டி சிறுத்தது, பிறகு கறுத்தது.
கிடங்கு வாசலில் பெண்கள் கத்தினார்கள்.
ஒரு கல் பறந்து வளமையின் முழங்காலில் பட்டுச்
சில்லு தெறித்தது.
உள்ளே கஸ்பரோ
அதே முழங்காலின் மேல் மூச்சடக்கி
மயிரிழைக் கோடுகளை வளைத்துக்கொண்டிருந்தார்.
தடித்து, மெலிந்து, மறுபடி தடிக்கும் கோடு;
கோடுகளுக்கு நடுவே ஒரு புள்ளி,
அதுதான் சதை.
நான் பார்த்தது எதையும்
செப்பு செப்பவில்லை.

உள்ளங்கையில் சுண்ணாம்புத்தூள் தொட்டு
தகட்டைக் கடைசியாய்த் துடைப்பேன்.
ஈரத்தாளைப் படுக்கவைத்து
சக்கரத்தின் கைகளில் என் முழு எடையையும் தொங்கவிடுவேன்.
தாளை உரிக்கும்போது ஒரு சத்தம் வரும்,
உறங்கும் குழந்தையின் வாயிலிருந்து
முலை விலகுவதுபோல.

தாளில் எல்லாம் இடம் வலமாகும்.
கொம்பு வலது கைக்கு வந்திருந்தது.
சபையில் யாருக்கும் அது தெரியவில்லை.
காய வைத்த தாள்களை வண்டியில் ஏற்ற வந்த
சுமைக்காரன் பல்தசார்ரே மட்டும்
நெடுநேரம் பார்த்தான்.
"கை மாத்திக்கிட்டா," என்றான்,
"கனத்திருக்கும்."

செம்பு தேயும்.
முதலில் போவது மெல்லிய கோடுகள்தான்.
நூற்றெழுபதாவது தாளில் கன்னத்து நிழல் வெளுத்துவிட்டது.
நூற்றுத் தொண்ணூறில்
எங்கள் தெருப் பெண்களில் ஒருத்திபோல் இருந்தாள்.
அந்தப் பத்துத் தாளையும் சபை திருப்பி அனுப்பியது.
ஒன்றை என் ஜன்னல் ஓட்டையில் ஒட்டினேன்,
முகம் தெருவைப் பார்க்க.
வீட்டுக்குள் எனக்கு அவள் பின்பக்கம்:
அழுத்தத்தில் புடைத்த தகட்டின் சதுரம்,
நான் பதித்த கட்டைவிரல் கறை.

கூலி பாதிதான் வந்தது.
குளிர்காலத்தில் கஸ்பரோ தகட்டை எடைக்குப் போட்டார்.
கன்னான் அதை வட்டமாய் வெட்டி
கடலைமாவு அடை சுடும் ஸெஃபீராவின்
ஓட்டை விழுந்த பெரிய தாம்பாளத்துக்கு
ஒட்டுப் போட்டான் என்று கேள்வி.

அவள் அடுப்பிலிருந்து எடுத்ததும்
கோணலாய் ஒரு துண்டு வெட்டித் தருவாள்.
தாம்பாளத்துக்கு ஈயம் பூசியிருக்கிறார்கள்,
ஒரு கோடும் எழும்ப வழியில்லை,
எனக்குத் தெரியாதா.
ஆனாலும் வாங்கியவுடன்
அடையைத் திருப்பி அடியைப் பார்க்கிறேன்.
கருகல், எண்ணெய்.
"என்ன தேடுற?" என்கிறாள் ஸெஃபீரா.
இன்னும் கொஞ்சம் மிளகு தூவச் சொல்கிறேன்.